வாளி தூக்கிய தாழ்ப்பாள்

அலுவலகத்தில் அவளைப் பலூன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. சித்திரக்கதையில் பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளை வட்டங்களுக்குள் வசனம் எழுதுகிறவள் என்பதால் வந்த பெயர் அது. கதையை யோசிப்பதும் அவள்தான், பக்கம் பக்கமாகக் கட்டம் பிரித்து ஓவியரிடம் கொடுப்பதும் அவள்தான். ஆனாலும் ஒட்டிக்கொண்டது பலூன்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியும் அந்தப் பலூன் உடையவில்லை.

நிறுவனம் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் மை நாற்றம். முதலாளி காலண்டரும் மருந்துப் புட்டி லேபிளும் அச்சடித்து முன்னுக்கு வந்தவர். சித்திரக்கதைப் புத்தகம் போட ஆரம்பித்து எத்தனையோ வருடமாகியும் அவருக்கு எல்லாமே லேபிள்தான். நிறம் பளிச்சென்று இருக்கிறதா, பெயர் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே என்ன மருந்து என்பது மற்றவர்கள் கவலை.

ஒருநாள் காலையில் அவர் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, இங்க வா. அஞ்சு பேர் வந்திருக்காங்க."

யாரோ விருந்தாளிகள் போலிருக்கிறது என்று தலையைக் கோதிக்கொண்டு போனாள் பலூன். அறையில் முதலாளியையும் நாலைந்து அட்டைப்பெட்டிகளையும் தவிர யாரும் இல்லை. அவர் கார் சாவியால் ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஊரில் அவர்களுக்குப் போட்டியாக ஒரு பதிப்பகம் இருந்தது. பெரியவர் போனதும் மகன்கள் அடித்துக்கொண்டு அதை இழுத்து மூடினார்கள். அவர்களிடமிருந்த பழைய கதாநாயகர்களை முதலாளி மொத்தமாக வாங்கிவிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு புத்தகத்தில் ஓடியவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அவர்களை ஒரே அணியாகச் சேர்த்து மாதாமாதம் புத்தகம் கொண்டுவர வேண்டும். 'அசகாய ஐவர்' என்று பெயரும் வைத்தாயிற்று, விளம்பரத் தட்டிக்கும் சொல்லியாயிற்று.

"இவரு கேப்டன் சுழல்" என்று ஒரு பழைய அட்டையைத் தூக்கிக் காட்டினார். "தண்ணியைச் சுழற்றி எதிரியை அடிப்பாரு. இவருதான் தலைவர். இது வெள்ளைக் கையுறை. கை பட்டா எந்தப் பொய்யும் வெளிய வந்துடும். ஆனா வாயே திறக்க மாட்டாரு."

"வாயே திறக்காதவருக்கு நான் என்ன சார் வசனம் எழுதுறது?"

"அதெல்லாம் நீ பார்த்துக்கோ. இது டாக்டர் தூசி. நினைச்சா தூசியாயிடுவாரு. இது எதிரொலி மாமா, சின்னப் பசங்க புத்தகத்துல வந்தவரு, யாரு பேசினாலும் அதே குரல்ல திருப்பிப் பேசுவாரு. அப்புறம் பொம்பளை ஒருத்தியும் இருக்கா. என்னமோ பேரு…" பெட்டிக்குள் குனிந்து தேடினார்.

அவர் தேடி எடுப்பதற்குள் பலூனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் இருந்தது அவள் கையெழுத்து. இருபத்தைந்து வயதில், அந்தப் போட்டிப் பதிப்பகத்தில் முதல் வேலையில் சேர்ந்தபோது அவள் உண்டாக்கிய பெண் அது. பெயர் தாழ்ப்பாள். கட்டம் போட்ட சட்டை, தோளில் சாவிப் பை, எந்நேரமும் தூக்கம் போதாத கண்கள். ஒரு கதவில் உள்ளங்கையை வைத்து "போதும்" என்பாள். அவ்வளவுதான், அவளாகத் திறக்கிறவரை அந்தக் கதவை எவனாலும் அசைக்க முடியாது. பறக்க மாட்டாள், யாரையும் அடிக்க மாட்டாள். ஆபத்தில் இருப்பவர்களை உள்ளே விட்டு, கெட்டவனை வெளியே நிறுத்திவிடுவாள். மூன்று வருடம் ஓடியது அந்தக் கதை.

"சார், இது நான் எழுதினது" என்றாள் பலூன்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு! புதுசா யோசிக்க வேண்டியதில்ல."

"முதல் பக்கத்துல உருவாக்கியதுன்னு என் பேரைப் போடலாமா சார்? இவளுக்கு மட்டும்."

முதலாளி சாவியை மேசைமேல் வைத்தார். "இவளுக்குப் போட்டா மத்த நாலு பேருக்கும் எவனாவது கிளம்பி வருவான். ஆசிரியர் குழுன்னு போட்டுக்கலாம். நீயும் குழுவுலதானே இருக்கே?"

பலூன் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தை உள்ளே தள்ளி மூடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

முதல் இதழ் எழுத உட்கார்ந்தபோதுதான் தலைவலி பிடித்தது. கேப்டனுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு சக்தியும் கிடையாது. கடல் கதையில் பிறந்த மனிதர், அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இங்கே கதை நடப்பதோ வங்கியிலும் ரயில் நிலையத்திலும். ஒவ்வொரு சண்டைக்கும் குழாயைத் தேடு, தொட்டியைத் தேடு என்று அவளுக்கு வெறுத்துப்போனது. டாக்டர் தூசி மேல் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மனிதர் சேறாகிவிடுவார், ஆகவே தலைவரும் டாக்டரும் ஒரே கட்டத்தில் நிற்க முடியாது. கையுறைக்காரர் பேசமாட்டார், மாமா பேசியதையே திருப்பிப் பேசுவார். ஐந்து பேர் கூடி ஒரு திட்டம் போட வேண்டிய பக்கத்தில் கேப்டன் மட்டும் பேசுகிறார், மாமா அதையே மறுபடி சொல்கிறார். படித்துப் பார்த்தால் அச்சுப்பிழை மாதிரி இருந்தது.

பக்கத்து மேசை ஓவியருக்கு அலுவலகத்தில் கோடு என்று பெயர். அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்ல கைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, பேசாம கேப்டன் போற இடத்துக்கெல்லாம் ஒரு வாளித் தண்ணி போகட்டுமே" என்றார்.

"தலைவர் வாளி தூக்கிட்டு வருவாரா?"

"அவரு எப்படித் தூக்குவாரு? முதலாளி ஒத்துக்க மாட்டாரு. வேற யாராவது."

இருவரும் யோசித்தார்கள். கையுறை நனையக் கூடாது. டாக்டர் வாளிப் பக்கமே வரக் கூடாது. மாமா தொப்பையோடு ஓடுவதே பெரிய பாடு. பலூன் பென்சிலை மேசைமேல் எறிந்தாள்.

"சொல்லாதே" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா."

வேறு வழி தேடி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். அச்சகத்திலிருந்து பக்கம் எங்கே என்று கேட்டுக் கேட்டு நச்சரித்தார்கள். கடைசியில் முதல் இதழ் வெளிவந்தபோது தாழ்ப்பாள் கையில் ஒரு தகர வாளி இருந்தது. கேப்டன் "தண்ணீர்!" என்று கை நீட்டுவார், இவள் நீட்டுவாள். பத்துப் பதினைந்து கட்டங்களில் இதே வேலை. கதவை மூடும் வேலை ஒரே ஒரு கட்டத்தில் வந்தது. அதிலும் பாதியைக் கேப்டனின் அங்கி மறைத்திருந்தது.

இரண்டாவது இதழ் அச்சுக்குப் போகிற நேரத்தில் நிறுவனத்தின் வக்கீல் வந்தார். எதிரொலி மாமாவைத் தொடக் கூடாது என்றார். மாமாவை உண்டாக்கியவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே, இந்த மாமா என் சொத்து என்று ஒரு வரி எழுதி வாங்கிவைத்திருந்தாராம். இப்போது அவருடைய குடும்பம் ஆட்சேபிக்கிறது. வாங்கின மூட்டையில் மாமா சேர்த்தியில்லை.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐவர்னு தட்டி வச்சாச்சு, மேலட்டை ஆறு மாசத்துக்கு அடிச்சாச்சு! இப்ப நாலு பேர்னா சிரிக்க மாட்டானா?"

வக்கீல் படியிறங்கும்போது பலூன் பின்னாலேயே ஓடினாள். "சார், அவரு மாமாவை எழுதினாரு. நான் தாழ்ப்பாளை எழுதினேன். அவருக்குக் கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கல?"

வக்கீல் நல்ல மனிதர்தான். நின்று பதில் சொன்னார். "கையெழுத்துப் போடும்போது அவருக்குச் சந்தேகம் இருந்துச்சு மேடம். உங்களுக்குச் சந்தோஷம் இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் மேலே வந்தபோது ஐந்தாவது ஆளுக்கான வேட்டை நடந்துகொண்டிருந்தது. கோடு எரிச்சலில், "வாளியைச் சேர்த்துக்கோங்க சார், அதுதான் எல்லாப் பக்கத்துலயும் வருது" என்று சொல்லிவைத்தார். சொன்னவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்த வாளிக்கு ஒரு சக்தி குடு."

"சார், அது வாளி சார்."

"அதனால என்ன? வத்தாத வாளின்னு வை. சின்னப் பசங்களுக்குப் பிடிக்கும்."

அப்படியாகத்தான் தகர வாளி அசகாய ஐவரில் ஐந்தாவது உறுப்பினர் ஆயிற்று. அதற்குக் கண்ணும் சிரித்த வாயும் வரையச் சொன்னார் முதலாளி. இரண்டாவது இதழின் பின்னட்டையில் அணியின் குழுப்படம். நடுவில் கேப்டன், காலடியில் பல்லைக் காட்டிக்கொண்டு வாளி, இருபுறமும் கையுறையும் டாக்டரும். தாழ்ப்பாள் கேப்டனின் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணும் காதுமாகத் தெரிந்தாள்.

பலூனின் அக்கா இரண்டு தெரு தள்ளி நான்காவது மாடியில் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. நாளெல்லாம் ஆவியில் நின்று நின்று குரல் கட்டையாகிவிட்டது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் புத்தம்புதிதாக இருக்கும். தங்கை எழுதும் புத்தகம் எதையும் அவள் விடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பலூன் போனபோது பின்னட்டை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அக்கா தேநீர்கூடப் போடவில்லை.

"அந்தாளுக்கு வாளி தூக்குறவளா நான்?" என்றாள்.

பலூன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் யார் என்று அவள் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அக்காவும் கேட்டதில்லை. சின்ன வயதில் வீட்டுக் கூடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பாத்திரம் பறக்கச் சண்டை போடும்போது, அக்கா தங்கையை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியிலிருந்து தட்டினால், "போதும்" என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். உள்ளே சின்னவள் படித்துக்கொண்டிருப்பாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் பலூன்.

"எனக்கு என்ன கண்ணு இல்லையா? அந்தச் சட்டைகூட என்னோடதுதான். அப்பல்லாம் படிச்சப்ப மனசு நிறைஞ்சு இருந்துச்சுடி. பெருமையாச் சொல்லிக்கலைன்னாலும் எனக்குள்ள வச்சிருந்தேன். இப்ப பாரு. வாளிக்குப் பல்லு இருக்கு. எனக்கு மூஞ்சி பாதிதான் இருக்கு."

"அக்கா, நான் என்ன பண்றது? முதலாளி…"

"முதலாளி எழுதினாரா, நீ எழுதினியா?"

"கையுறை நனையக் கூடாதுக்கா. டாக்டரு தண்ணி பட்டா சேறாயிடுவாரு. கேப்டன் தலைவரு. வேற யார் தூக்குவா?"

"நம்ம வீட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் அக்கா. "ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். கடைசில வேலை எங்கிட்ட வந்து நிக்கும்."

பலூன் வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் போட்டாள், அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எதையும் நிதானமாகக் கேட்கிறவர். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முதலாளி, வக்கீல், வாளி, அக்கா, மறுபடி முதலாளி.

"வேலையை விட்டுடேன்" என்றார் அவர்.

"விட்டா அவளை வேற எவனாவது எழுதுவான்."

"அப்ப எழுது."

"எழுதினா வாளி தூக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

மூன்றாவது இதழை அவள் ஒரே மூச்சில் எழுதினாள். முதலாளி எந்தப் புத்தகத்திலும் முதல் நாலு பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பார்ப்பார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்து பக்கங்களில் அவர் கேட்டதெல்லாம் இருந்தது. கேப்டனின் கர்ஜனை, வாளியின் சிரிப்பு, கொள்ளைக்காரர்கள், பளிச்சென்ற நிறங்கள். நடுவில் கதை வேறு பக்கம் திரும்பியது. கப்பலின் அடித்தட்டில் கேப்டன் வழக்கம்போல் "தண்ணீர்!" என்று கை நீட்டுகிறார். தாழ்ப்பாள் வாளியைத் தரையில் வைக்கிறாள். கேப்டன் மறுபடி கேட்கிறார். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தி, உள்ளங்கையை வைத்து, "போதும்" என்கிறாள். அதன் பிறகு எட்டுப் பக்கம் மூன்று ஆண்களும் உள்ளே. தண்ணீர் வாளியோடு ஒரே அறையில் மாட்டிக்கொண்ட டாக்டர் தூசி மூலையில் ஒண்டிக்கொள்கிறார். கையுறைக்காரர் தெரியாமல் கேப்டனைத் தொட்டுவிட, கேப்டனின் வாயிலிருந்து உண்மை கொட்டுகிறது. தனக்கு நீச்சல் தெரியாது என்று அழுகிறார். வெளியே தாழ்ப்பாள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். கொள்ளைக்காரர்களை அதற்கு முன்பே வேறொரு அறையில் அடைத்துவிட்டாள்.

கோடு படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, வேலை போயிடும்."

"எனக்குப் போகட்டும். கொடுத்ததை வரைஞ்சேன்னு நீ சொல்லிடு."

"அது சரி" என்று சிரித்துவிட்டு, அவள் எழுதியதற்கு மேலேயே வரைந்தார். கதவோரம் உட்கார்ந்திருக்கும் தாழ்ப்பாளுக்கு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்தார். முகம் முழுசாக இருந்தது. பலூன் அதில் ஒரு பலூன்கூட வைக்கவில்லை.

புத்தகம் கடைக்குப் போனது. முதலாளிக்கு யாரோ ஒரு கடைக்காரர்தான் போனில் சொன்னார். அறைக்கதவு படீரென்று திறந்தது. அன்று அவர் போட்ட சத்தத்தில் கீழே டயர் கடைக்காரர் மேலே எட்டிப்பார்த்தார். "என் கேப்டனுக்கு நீச்சல் தெரியாதா? என் கேப்டன் அழுவானா? யாரைக் கேட்டு எழுதினே?" பலூன் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.  அக்கா மட்டும் அன்று மாலை போன் செய்து, "இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேலை போய்விடும் என்றுதான் பலூன் நினைத்தாள். ஆனால் இரண்டு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. கடைகளில் மூன்றாவது இதழ் தீர்ந்துவிட்டதாம், இன்னும் அனுப்பு என்கிறார்களாம். வாங்குகிறவர்கள் எல்லாம் அந்தக் கதவுப் பொம்பளையைக் கேட்கிறார்களாம்.

"உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடணும்னு இருந்தேன், போகட்டும். தாழ்ப்பாளுக்குத் தனிப் புத்தகம் போடுறோம்."

பலூன் மேசைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "ரொம்ப சந்தோஷம் சார். முதல் கதை என் மனசுலயே இருக்கு, ஒரு…"

"இல்லம்மா. எழுதுறது வேற ஆளு." டிவி தொடர் எழுதும் ஒருவர், பெயர் தெரிந்தவர், அட்டையில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டால் ஓடும் என்றார் முதலாளி. "உனக்குத்தான் அணி இருக்கே, ரெண்டையும் எப்படிச் சமாளிப்பே? அதுவுமில்லாம நீ கோபத்துல எழுதுறே. ஒரு தடவை சரி. மாசாமாசம் கோபப்பட்டா யாரு வாங்குவா?"

"சார், அவளை உண்டாக்கினது நான்."

"யாரு இல்லன்னா? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே சொல்றேன், நீ அந்த மூணு பேரையும் வாளியையும் பார்த்துக்கோ."

அட்டையில் அவர் பெயரைப் பெரிதாகப் போடலாம், உள்ளே ஒரு மூலையில் பொடி எழுத்தில் என் பெயரைப் போடக் கூடாதா என்று அவள் கேட்டாள். யோசிக்கலாம் என்றார். யோசிக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். ராஜினாமா எழுதலாமென்று இடத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வெளியே போய் எந்தக் கதவைத் தட்டுவது? ஊரில் சித்திரக்கதை போடுகிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் மூடிவிட்டார். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு நான்காவது இதழுக்குக் கட்டம் பிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். மாலையில் தாடை வலித்தது.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த டிவி எழுத்தாளர்தான். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது, அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க நம்பரை ஓவியர்கிட்ட வாங்கினேன். முதலாளி நாலு பெட்டி அனுப்பியிருக்காரு, எல்லாம் படிச்சேன். ஆனாலும் எனக்கு இந்தப் பொண்ணு பிடிபடல. இவ எதுக்குப் பயப்படுவா?"

முதலாளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிடத்தான் வாயெடுத்தாள். அந்தப் பக்கம் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"இருட்டுக்குப் பயப்படுறான்னு."

"இருட்டா! அவளா?" கத்தி கீழே விழுந்தது. "இருட்டு அவளுக்குப் பழக்கம்ங்க. அவளுக்குப் பயம் ஜன்னல். கதவைப் பார்த்துட்டே இருக்கும்போது பின்னாடி ஜன்னல் வழியா எவனாவது வந்துடுவானோன்னு."

"அட" என்றார் அவர். உண்மையாகவே வியந்தது தெரிந்தது. அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். என்ன சாப்பிடுவாள், எங்கே தூங்குவாள், கோபம் வந்தால் குரல் உயருமா தாழுமா, யாரிடம் கூசாமல் உதவி கேட்பாள். சொல்லச் சொல்ல எரிச்சல் ஏறிக்கொண்டே போனது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஓரிடத்தில் அவர் அரைகுறையாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவே பத்து நிமிடம் ஆயிற்று. அவர் நன்றி சொல்லி வைத்தபோது அடுப்பில் ஒன்றும் ஏறியிருக்கவில்லை.

கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாளுக்கு எதுக்கு இவ்வளவும் சொன்னே?"

"தப்பா எழுதிடுவான்ல."

"எழுதட்டுமே. கெட்ட பேரு அவனுக்குத்தானே?"

"அவனுக்கு என்ன, இதை விட்டா இன்னொரு தொடர் இருக்கு. கெடுறது அவதான்."  காயைத் தட்டோடு ஓரமாகத் தள்ளினாள். கணவர் கத்தியை எடுத்துக் கழுவி, மீதியை நறுக்க ஆரம்பித்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அதே நம்பரைப் போட்டாள். அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள்.

"இன்னொரு விஷயம்" என்றாள். "அவ இடது கைக்காரி. படம் போடுறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. இல்லன்னா மாத்திப் போட்டுடுவாங்க."